வரைபடத்தில் இல்லாத குழாய்

அந்த ஜாம் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'ஆவி' என்றுதான் கூப்பிட்டார்கள். பாய்லர் ரூமில் நீராவியோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருடைய மகள் சின்னவளாக இருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் வீடு தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ஆவி இங்கதானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, சாயங்காலம் புருஷன் வரும்வரை வெளியே தலைகாட்டவில்லை. இந்தக் கதையை ஆவியே வருஷத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிச் சிரிப்பார்.

பாய்லர் ஒரு பேருந்து நீளம் இருக்கும். முன்பக்கம் இரும்புக் கதவு. திறந்தால் உள்ளே நிலக்கரி தகதகவென்று எரியும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் மண்வெட்டியை நீட்ட வேண்டும். அதற்கு மேலே நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான மீட்டர். ஆவிக்கு அந்த மீட்டர் முள் போதும், தொழிற்சாலை முழுவதும் நடப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். முள் மெல்ல இறங்கினால் பழக்கூழ் கொதிக்கிறது. சடாரென்று இறங்கினால் எல்லாக் கொப்பரைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள், அப்படியென்றால் அன்றைக்கு ஆரஞ்சு. தோல் வேக நேரமாகும் என்பதால் ஆரஞ்சு நாட்களில் அவருக்கு உட்கார நேரமிருக்காது.

குளிர் மாதங்களில் பாய்லர் ரூம்தான் ஊருக்கே சொந்த வீடு மாதிரி. பத்து மணி ஆனால் ஆளாளுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து பாய்லரின் முதுகில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார்கள். மழையில் நனைந்து வந்தவர்களின் சட்டைகள் குழாய்களின் மேல் தொங்கும். கையெழுத்து வாங்க வந்த குமாஸ்தா, கையெழுத்து வாங்கிய பிறகும் அரைமணி நேரம் நின்றுகொண்டிருப்பார். "என்ன சார், இன்னும் ஏதாவது கையெழுத்து பாக்கியா?" என்று ஆவி கேட்டால், "இல்லப்பா, இங்க யோசனை நல்லா வருது" என்பார். கரி தின்ற நுரையீரலும், எத்தனை முறை துவைத்தாலும் சாம்பல் நிறம் போகாத பனியனும் ஆவிக்கு இருந்தன. ஆனாலும் அந்தக் கதகதப்பை விட்டுவிட்டு வேறு எங்காவது வேலை பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஜாமை மொத்தமாக வாங்கும் பெரிய கடைக்காரர்கள் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு புகை என்றும் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அதற்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பச்சைக் கதவு. முதலில் காலி பாட்டில்கள் திரும்பி வந்தன. கழுவி, மறுபடி நிரப்பி அனுப்பினார்கள். பிறகு பழத்தோலையும் கொட்டையையும் ஒரு தொட்டியில் அடைத்து, அதிலிருந்து வந்த வாயுவில் கேன்டீன் அடுப்பை எரித்தார்கள். கிடங்குக் கூரை முழுக்க சோலார் தகடுகள் வந்தன. ஆவி இதையெல்லாம் ஆர்வமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் வீணாக்கக் கூடாது என்பதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் பாய்லரின் முறை வந்தது. அடுத்த பழ சீசனுக்குள் நிலக்கரி நிறுத்தப்படும். மின்சாரத்தில் ஓடி, வீணாகும் சூட்டை உறிஞ்சித் தரும் ஹீட் பம்புகளும், சின்னதாக ஒரு மின்சார பாய்லரும் வரும்.

அறிவிப்பைப் படித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தன. "எனக்கு முன்னாடி இது ரிட்டையர் ஆகுது பாரு" என்று பாய்லரைக் காட்டிச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பச்சைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். எல்லோரும் 'பச்சை மேடம்' என்பார்கள். முதல் நாள் அவள் அவரை "சார்" என்று கூப்பிட்டாள்.

"என்னை சார்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேம்மா. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சுப்பேன்."

"அப்ப அண்ணான்னு கூப்பிடறேன்" என்றாள். அப்படியே கூப்பிட்டாள்.

அவள் கையில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருந்தது. சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். எங்கெங்கே சூடு வீணாகிறது என்று பார்க்க அதை ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நீட்டிக்கொண்டே வந்தாள். ஆவி வழிகாட்டியாகக் கூடவே நடந்தார். கொப்பரைக் கூடத்தின் பின்சுவரில் அவள் நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது என்ன?"

திரையில், நீலச் சுவரின் நடுவே ஒல்லியாக ஒரு சிவப்புக் கோடு. தரையிலிருந்து எழும்பி, ஆள் உயரத்துக்கு மேலே வளைந்து, மேற்குப் பக்கமாகப் போனது.

ஆவி திரையைப் பார்க்காமலே பதில் சொன்னார். "ஏதாவது பழைய லைனா இருக்கும்மா."

அவள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "படத்துல இங்க எந்த லைனும் இல்லையே. நீங்க வந்த காலத்துக்கு முன்னாடி போட்டிருப்பாங்களோ?"

"இருக்கலாம்" என்றார் அவர். அந்தக் குழாயைப் போட்டதே அவர்தான்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், பழம் நறுக்கும் பிரிவில் நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். நாள் முழுக்கப் பழமும் சர்க்கரையும் பட்ட கைகள். கத்தி கீறிய இடமெல்லாம் எரியும். வேலை முடிந்து கழுவப் போனால் குழாயில் பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். பிசுக்குப் போகவும் போகாது, விரல்களும் மரத்துப்போகும். அந்தப் பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பேசுபவள். அவள் ஒரு மனு எழுதி, நாற்பது பேரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தக் காலத்தில் அலுவலகத்துக் கழிவுக் காகிதமெல்லாம் எரிப்பதற்குப் பாய்லர் ரூமுக்குத்தான் வரும். மூன்றாம் நாள் வந்த கூடையில் மேலாகவே கிடந்தது அந்த மனு. நான்காக மடித்திருந்தது. ஆவி பிரித்துப் படித்தார். கோல் நட்டது மாதிரி நிமிர்ந்த எழுத்து. எரிக்க வேண்டியதை எரிக்காமல் வைத்துக்கொண்டால் அது வேலைக்கே உலை வைத்துவிடும் என்ற பயம் அவருக்கு. இருபத்தேழு வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம்தான். இரண்டு முறை படித்தார். பிறகு தீயில் போட்டார்.

போட்ட பிறகுதான் மனசு கேட்கவில்லை. அன்று முழுக்க அவர் கண் ஒரே இடத்தில் இருந்தது. கொப்பரைகளைச் சூடாக்கி முடித்த நீராவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும். தெளிந்த, கை பொறுக்காத சூட்டிலிருக்கும் நல்ல தண்ணீர். அது அப்படியே சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது, பல வருடமாக, பகல் முழுக்க. பெண்களின் கழுவும் அறை அங்கிருந்து நாற்பது அடிகூட இல்லை.

ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் "குழாய் இருக்க பயமேன்" என்பார், அதனால் அவருக்குக் குழாய் என்றே பெயர். ஆவி அவரிடம் விஷயத்தைச் சொன்னார். தொழிற்சாலை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து, மிச்சம் மீதி கிடந்த பைப்புத் துண்டுகளை இணைத்து, பின்சுவர் வழியாகக் கொண்டுபோனார்கள். கழுவும் அறைக் கூரைமேல் பழைய ஸ்டீல் பீப்பாய் ஒன்றை ஏற்றி, அதில் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரையும் கலக்கவிட்டு, கை தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்து முடித்தபோது மணி நாலு. "யாராவது கேட்டா?" என்றார் ஆவி. "கேட்டா நான் போட்டேன்னு நீ சொல்லு, நீ போட்டேன்னு நான் சொல்றேன். குழம்பிப் போயிடுவாங்க" என்றார் குழாய்.

யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் குழாயைத் திறந்த பெண்கள் கத்திய கத்தல் பாய்லர் ரூம்வரை கேட்டது. மறுநாள் நாற்பது பேரும் திரண்டு போய் மேனேஜருக்கு நன்றி சொன்னார்கள். மனுவைக் கூடைக்கு அனுப்பிய அந்த மனிதர், ஒன்றும் புரியாமல் இரண்டு கணம் விழித்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்கப்புறம் வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று யாரிடமும் கேட்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று. எஞ்சினியர், மேனேஜர் உத்தரவு என்று நினைத்துக்கொண்டார். மேனேஜர், எஞ்சினியர் வேலை என்று நினைத்துக்கொண்டார். இப்படியே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. மேனேஜர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள். குழாய் எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மனு எழுதியவளுக்கு 'மனு அக்கா' என்று பெயர் நிலைத்தது. இரண்டு வருடம் கழித்து ஆவிக்கும் அவளுக்கும் கல்யாணம். "ஆவியும் மனுவும், ரெண்டுமே காத்துல போறது" என்று கேன்டீனில் கிண்டலடித்தார்கள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் அப்போதுதான், மனு கொடுத்த நாளில் மேனேஜர் அறை வாசலில் தன் கால் எப்படி நடுங்கியது என்று, கண் பளபளக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். நாளை வளர்ந்து வருடமாயிற்று. மகள் பிறந்தாள். பள்ளியில் எதையாவது கேட்கத் தயங்கி மகள் அழுதுகொண்டு வந்தால், "கேட்டா கிடைக்கும்டி. நாங்க கேட்டோம், கிடைச்சுது" என்பாள் அம்மா. ஆவி சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவார். மகள் அப்படியே கேட்டுக் கேட்டு வளர்ந்து, இன்று வேறு ஊரில் நாலு பேருக்காகக் கேட்கிற வேலையில் இருக்கிறாள்.

இதெல்லாம் தூங்கிக் கிடந்திருக்கும், பச்சை மேடம் புதிய திட்டத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டாமல் இருந்திருந்தால். ஆவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். கொப்பரைகளுக்குக் கோடு இருந்தது. பாட்டில் கழுவும் இயந்திரத்துக்கு இருந்தது. கொப்பரையிலிருந்து வரும் வெந்நீரைக்கூட வீணாக்காமல் திருப்பிக் கொண்டுவர ஒரு கோடு இருந்தது. மேற்குப் பக்கம் போக ஒன்றுமில்லை.

"லேடீஸ் கழுவற ரூமுக்கு வெந்நீர் எங்கேம்மா?"

"அங்க வெந்நீர் கனெக்‌ஷனே கிடையாதேண்ணா. பழைய படத்துலயும் இல்ல. அந்தச் சுவர்ல இருந்த லைனையும் சும்மா சூட்டை வீணாக்கற பழைய லைன்னு எழுதிட்டேன். அடுத்த மாசம் வெட்டி எடுத்துடுவாங்க."

இப்போது அந்தப் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வெந்நீர் சூரிய வெளிச்சம் மாதிரி. யார் கொடுத்தது என்று யோசித்ததுகூட இல்லை. வாயைத் திறக்காவிட்டால் அடுத்த குளிருக்கு அவர்கள் கை மரத்துப்போகும். வாயைத் திறந்தால் விஷயம் வீடுவரை வராமல் இருக்காது. யாரோ சொல்லி மனைவி தெரிந்துகொள்வதைவிட, தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் மனு அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டி வலி வந்து வேலையை விட்டு ஐந்து வருடமாயிற்று. ஆனாலும் கத்தி இன்னும் தொழிற்சாலை வேகத்தில்தான் ஓடும். அவர் எதிரில் உட்கார்ந்து, கூடையில் கிடந்த காகிதத்தில் ஆரம்பித்து, பெயின்ட் அடித்தது, இப்போது அந்த லைனை வெட்டப்போவது வரைக்கும் சொன்னார். நடுவில் அவள் கத்தி நின்றது.

"மனுவை எரிச்சது நீங்களா?"

"ஆமா."

"படிச்சுட்டா?"

"ரெண்டு தடவை. 'வேகமாக வேலை செய்யச் சொல்கிறீர்கள். மரத்துப்போன கை எப்படி வேகமாக வேலை செய்யும்?'னு எழுதியிருந்தே. இன்னும் மறக்கல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தனை வருஷம் நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே. மனசுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல. பயந்தேன்."

"எதுக்கு?"

"உன் முகம் மாறிடுமேன்னு. எப்படியோ வெந்நீர் வந்தாச்சு, யார் கொண்டுவந்தா என்னன்னு நினைச்சேன்."

"வெந்நீர் நீங்க குடுத்தீங்க. சரி. ஆனா நாங்க கேட்டது வெந்நீர் மட்டும் இல்லைங்க. ஒரு பதில் கேட்டோம். அது வந்துடுச்சுன்னு நாற்பது பேரும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தோம். வரவே இல்லையே." சொல்லிவிட்டு, நறுக்கிய பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மேஜைமேல் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். ஆவி வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பாய்லர் முள் எங்கே நிற்கிறது என்று தெரிகிற மனிதருக்கு, வீட்டு முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பழைய தோழிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. எதிர்முனையில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "சிரிக்காதடி, அந்த மேனேஜருக்குப் போய் நாம கும்பிடு போட்டோமே!" என்றவள், தானும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"புதுத் திட்டத்துல அந்த ரூமுக்கு வெந்நீர் இல்லையாமே. இருபத்திரண்டு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வெள்ளைத்தாள் எடுங்க."

மறுநாள் அவளும் அவரோடு தொழிற்சாலைக்குப் போனாள். இடைவேளையில் நறுக்கும் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, அவர்கள் வாயாலேயே வாக்கியங்களைச் சொல்ல வைத்து, அவர்களில் ஒருத்தியையே எழுதவும் வைத்தாள். இருபத்திரண்டு கையெழுத்து. இந்தத் தடவை கைநாட்டு ஒன்றுகூட இல்லை. கடைசியாகத் தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் 'முன்னாள் ஊழியர்' என்று எழுதினாள். பச்சைக் கதவைத் தட்டி மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, "இதை வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா. முன்னாடி குடுத்தது அடுப்புக்குப் போயிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஆவி முழுக் கதையையும் சொன்னார். அனுமதி இல்லாமல் போட்ட லைன், தண்டனை ஏதாவது உண்டென்றால் தனக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். பச்சை மேடம் மனுவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டை எடுத்து ஏதோ பெருக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, வீணாப் போற சூட்டை முப்பத்தொரு வருஷமா எடுத்து உபயோகிச்சிருக்கீங்க. நாங்க இப்பத்தான் இதுக்கு ஒரு பேர் கண்டுபிடிச்சு, கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டிருக்கோம். இந்த வருஷ அறிக்கையில உங்க போட்டோவைப் போடணும்."

"போட்டோவெல்லாம் வேண்டாம்" என்று குறுக்கிட்டாள் மனு அக்கா. "இவரு போட்டோவை வெச்சுக்கிட்டு யாரும் கை கழுவ முடியாது. அந்த லைன் படத்துல வரணும். நாளைக்கு இவரு இல்ல, நீ இல்லைன்னாலும், படத்தைப் பார்க்கறவன் இங்க ஒரு லைன் இருக்கு, வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கணும்."

பச்சை மேடம் பென்சிலை எடுத்தாள்.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. புதிய மேனேஜர், செலவு கூடும் என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு கூட்டத்தில் தள்ளிப்போட்டார். பச்சை மேடம் மூன்றாவது கூட்டத்துக்கும் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து வாரம் கழித்து மனு அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் மனு ஏற்கப்பட்டது, கழுவும் அறைக்கு வெந்நீர் இணைப்பு திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்று இரண்டே வரி, கீழே கையெழுத்தும் முத்திரையும். அவள் அதைத் தோழிகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். முதல் மனுவில் கைநாட்டு வைத்த ஒருத்தி, "முத்திரை என்ன கலரு?" என்று கேட்டாளாம். நீலம் என்று சொன்னதும், "அப்படின்னா சரி, அன்னிக்கு நான் வெச்ச கைநாட்டும் நீலம்தான்" என்றாளாம்.

பாய்லரை அணைத்தது ஒரு வியாழக்கிழமை காலை. ஆவி கடைசி மண்வெட்டி நிலக்கரியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, முள் தானாக இறங்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தி தெரிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். டப்பாக்களைக் கொண்டுவந்து வழக்கம்போல அதன் முதுகில் வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொதிக்கக் கொதிக்க எடுத்தவர்களுக்கு, மறுநாள் வெதுவெதுப்புதான் கிடைத்தது. சனிக்கிழமை அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் எவ்வளவு குளிர்ந்திருந்ததோ, அதுவும் அவ்வளவு குளிர்ந்திருந்தது. வெட்டி எடுத்துப்போக வந்தவர்கள், இரும்பு முழுவதும் உருக்கி மறுபடி பயன்படும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பச்சை மேடம் மீட்டரைக் கழற்றி, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள்.

"வேண்டாம்மா. இதை வெச்சுக்கிட்டு வீட்ல எதை அளக்கறது?"

"என் கோபத்தை அளக்கலாம்" என்றாள், அவரைக் கூட்டிப்போக வந்திருந்த மனு அக்கா. மீட்டரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மீதி ஒரு வருடம் அவருக்குப் புதிய இயந்திர அறையில் வேலை. வெள்ளைச் சுவர், கரி இல்லை, சூடும் இல்லை. ஹீட் பம்புகள் தூங்குகிற பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தன. இருமல் மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. பனியன் வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது. இத்தனையும் நல்லதுதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆனால் பத்து மணி ஆனால் மட்டும் கண் தானாக வாசல் பக்கம் போகும். இப்போது எல்லோரும் கேன்டீனில் மைக்ரோவேவில் சுடவைத்துக்கொள்கிறார்கள். இந்த அறைக்கு வர யாருக்கும் காரணமில்லை. சில நாட்கள் அவரே தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு நடப்பார். போகிற வழியில் கழுவும் அறையைத் தாண்டும்போது, உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்யும் சத்தமும் கேட்கும். அவர் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வார். பிறகு, சாப்பாடு ஆறிவிடுமே என்று விரைந்து போவார்.